பெலிம்பிங் பெட்டியின் பதினொன்றாம் நாள்

ஐயாசாமிக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் இருபத்திரண்டு ஆண்டுகளைக் குளிர்பெட்டிகளின் முன்னால் நின்றே கழித்திருந்தார். பாலோவுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய்ப்பனையான செம்பனைக்கு மாறியபோது குடும்பம் கூலாய்க்குப் பெயர்ந்தது. செனாயில் ஒரு குளிர்சாதனப் பட்டறையில் திருகாணி முடுக்கக் கற்று, பிறகு கப்பலேறும் லாரி அளவுக் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கக் கற்று, கடைசியாகப் பெக்கான் நானாஸில் ருக்னுதீனின் பழக்கூடத்திற்கு வந்து சேர்ந்தார். நாள்தோறும் காலையில் மோட்டார் சைக்கிளில் போவார். மாலையில் அதே சாலையில் லாரிப் புகையைக் குடித்தபடி திரும்புவார். வெளியே உச்சி வெயில், உள்ளே எலும்பில் ஏறும் குளிர். இரண்டுக்கும் இடையே ஒரு நாளில் முப்பது முறை போய்வந்து போய்வந்து அவருடைய வலத்தோள் கல்லாகிவிட்டது.

அன்னாசிக்குப் பேர்போன ஊரில் ருக்னுதீன் ஏற்றுமதி செய்தது பெலிம்பிங் பழத்தை. ஐந்து விளிம்பு உடையது. குறுக்கே அரிந்தால் துண்டு துண்டாக விண்மீன்கள் விழும். அதை வாங்க இசைந்த நாடு ஒரு நிபந்தனை விதித்திருந்தது. பழ ஈயின் புழு சதைக்குள் ஒளிந்து வந்துவிடக் கூடாது. ஆதலால் பழத்தைப் பெட்டியிலிட்டு, சதையின் வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் போகாமல், தொடர்ந்து பதினைந்து நாள் வைத்திருக்கவேண்டும். நஞ்சு வேண்டாம், புகை வேண்டாம். குளிரே புழுவைக் கொன்றுவிடும். ஆனால் இடையில் ஒரு மணிநேரம் வரம்பு மீறினாலும் கணக்கு முதல் நாளுக்குத் திரும்பிவிடும்.

அதை அளப்பதற்கு மூன்று வெப்பமானி ஊசிகள். பெட்டியின் முன்னும் நடுவிலும் கதவருகிலுமாக மூன்று பழங்களின் சதையில் அவற்றைச் செருகுவார்கள். செருகுமுன் ஊசிகளை ஐஸ் கலந்த நீரில் நிறுத்திப் பார்ப்பது முறை. பொடித்த பனிக்கட்டியும் நீரும் நெருங்கிக் கலந்த இடத்தில் வெப்பம் சரியாகச் சுழியத்தில் நிற்கும். அங்கே ஊசி எவ்வளவு கூடக் குறையக் காட்டுகிறதோ அதுவே அதன் பிழை. அந்தப் பிழையைத் தாளில் எழுதி, பிறகு நாள்தோறும் வரும் அளவிலிருந்து கழிக்கவோ கூட்டவோ வேண்டும். மணிக்கு மணி வெப்பத்தைப் பதியும் வேலையை எந்திரம் பார்த்துக்கொள்ளும். இந்தத் திருத்தம் ஒன்றை மட்டும் மனிதன் எழுதியாகவேண்டும். அதன் கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று பயிர் நோய்த்தடுப்பு அதிகாரி ஃபாயிஸாவுடையது. மற்றொன்று அதற்கென அங்கீகார அட்டை பெற்ற ஐயாசாமியுடையது. அந்தக் கூடத்தில் அட்டை வைத்திருந்தவர் அவர் ஒருவரே. பள்ளிக்கூடம் ஆறாண்டோடு நின்றுபோன மனிதருக்கு அந்த அட்டை சட்டைப்பையில் இருக்கும்போது நெஞ்சு சற்று நிமிர்ந்தே இருக்கும்.

அந்த நாட்டுக்கான முதல் பெட்டியின் ஊசிச் சோதனை நாளன்று காலையிலேயே எல்லாம் கோணலாகிவிட்டது. சோதனைக்கென்று காய்ச்சிய நீரில் அவர் உறையவைத்திருந்த ஐஸ், இரவில் மின்சாரம் தடைப்பட்டு உருகிப்போயிருந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் ஒரு பை ஐஸ் வாங்கிவந்தார். தேத்தண்ணீரில் போடுகிற குழாய் ஐஸ். நடுவில் துளையுள்ள விரற்கட்டைத் துண்டுகள். அதைச் சாக்குத்துணியில் சுற்றிச் சுத்தியலால் அடித்துப் பொடியாக்க வேண்டும். வாளியில் ஐஸ் நெருக்கி நிற்கவேண்டும். நீர் இடைவெளியை நிரப்பும் அளவே போதும். சாலையில் மரம் விழுந்து கிடந்ததால் ஃபாயிஸா வந்துசேரப் பகல் பன்னிரண்டாயிற்று. முந்தின நாள் இரண்டு பெட்டிகளின் விசிறியை மாற்றிய தோள் தீயாய் எரிந்தது. ஐயாசாமி சுத்தியலைப் பார்த்தார். பிறகு பையை அப்படியே வாளியில் கவிழ்த்து, குழாய் நீரை ஊற்றினார். துண்டுகள் மேலே மிதந்தன.

ஃபாயிஸா, கொண்டுவந்த தாள்களை விரித்தபடி, ஐஸ் இது போதுமா என்று கேட்டார். போதும் என்றார் ஐயாசாமி. இந்த வேலையில் ஐந்தாண்டு பழகிய அந்தப் பெண், இருபத்திரண்டாண்டு பழகியவரின் சொல்லை ஐயுறவில்லை. மூன்று ஊசிகளும் 0.3 காட்டின. அனுமதித்த எல்லைக்குள் அடங்கிய பிழைதான். மூன்றுக்கும் 0.3 கழிக்க என்று எழுதி ஒப்பமிட்டார்கள். ஊசிகள் பழத்தினுள் புகுந்தன. கதவுக்கு முத்திரை விழுந்தது.

பழத்தின் விளிம்பு குளிரில் கருகும் இயல்புடையது என்பதால், தேவைக்கு மேல் தணிக்கவேண்டாம் என்று ருக்னுதீன் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே எந்திரத்தின் குளிரளவை வரம்பை ஒட்டியே வைத்தார் ஐயாசாமி. திரையில் 1.2 தோன்றும், 0.3 கழிப்பார், 0.9 என்று எழுதுவார். காலையும் மாலையும் இதே கணக்கு. பத்து நாள் போயிற்று.

பதினொன்றாம் நாள் பகலில், தாளைத் தெளிவாக வேறொரு படியெடுக்க உட்கார்ந்தார். மூன்று ஊசிக்கும் மூன்று பத்தி. திருத்தம் 0.3. திருத்தம் 0.3. திருத்தம் 0.3. பேனா நின்றது. வெவ்வேறு நாளில் வாங்கிய ஊசிகள். ஒன்று புதியது, ஒன்று நான்காண்டு பழையது. ஊசிகள் வழுவினால் ஒவ்வொன்றும் தன்போக்கில் வழுவும். மூன்றும் பேசிவைத்ததுபோல் ஒரே அளவில் வழுவியதை அவர் கண்டதே இல்லை. அப்படியானால் வழுவியது ஊசியன்று; வாளி. மிதந்த துண்டுகளுக்குக் கீழே நீர் வெம்மையோடு இருந்திருக்கிறது. ஊசிகள் உண்மையைச் சொல்லியிருக்கின்றன. அவர் கழித்த 0.3 கழிக்கக் கூடாத 0.3. பழம் பதினொரு நாளாக 1.2இல் இருக்கிறது. வரம்புக்கு வெளியே.

அதைக் கண்டதும் அவருக்கு அச்சம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது, முதுகில் மூட்டையை ஏற்றியதுபோல. இன்னும் நான்கு நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் பெட்டி கப்பலேறிவிடும். தாள் தூயதாக இருக்கிறது. யாரும் கேட்கப்போவதில்லை. வாயைத் திறந்தால் அட்டை போகும். ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கையில், பிழை செய்தவர் என்ற பெயரோடு வெளியேற வேண்டும். தாளை மடித்துவைத்துவிட்டுச் சாலையில் இறங்கினார். கூலாய்வரை எப்படி ஓட்டினார் என்பது நினைவில்லை.

வீட்டில் மனைவி செல்வராணி, தொழிற்சாலைச் சட்டையைக் கூடக் கழற்றாமல், வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். ஐயாசாமி சொன்னதை முழுதும் கேட்டார்.

“இருபத்திரண்டு வருஷமா அடுத்தவன் வேலையில பிழை கண்டுபிடிச்சீங்க,” என்றார் முடிவில். “இப்ப உங்க வேலையில ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கீங்க. அதுக்கு ஏன் என் முகத்தையே பாக்குறீங்க?”

“என்ன செய்யறதுன்னு கேக்குறேன்.”

“கேக்கல. விடுங்கன்னு நான் சொல்லணும்னு காத்திருக்கீங்க. சொல்ல மாட்டேன். சாப்பிடுங்க.”

சாப்பிட்டார். படுத்தார். தம் நெஞ்சோடு நெடுநேரம் வழக்காடினார். வழக்கின் நடுவே, மறைந்திருந்த ஓர் ஆசையும் தலைநீட்டியது. சொல்லிவிட்டால் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தோளைப் பாயில் சாய்த்துக் கிடக்கலாம். 1.2 என்றும் 0.9 என்றும் எண்ணவேண்டியதில்லை. நேர்மைக்கும் இந்த ஆசைக்கும் இடையே எது தம்மை எழுப்பிற்று என்பது விடிந்தபின்னும் அவருக்குத் தெளியவில்லை.

காலையில், தவுக்கே என்று தாம் அழைக்கும் முதலாளியிடம் போனார். ருக்னுதீன் நாற்பத்தைந்து வயதுக்காரர். தந்தை நடத்திய சாப்பாட்டுக்கடையை விட்டுப் பழ வணிகத்தில் இறங்கியவர். பழம் வாங்கும் அந்த நாட்டுக்கு இதுவே அவருடைய முதல் பெட்டி. ஐயாசாமி சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லிய குரலில், பத்துப் பேர் தோட்டத்துப் பழம் அந்தப் பெட்டியில் இருப்பதையும், கணக்கு முதலிலிருந்து தொடங்கினால் இருபத்தாறு நாளில் அது பழமாக இராது என்பதையும் நினைவூட்டினார்.

“நாலு நாள்தாண்ணே. புழு இருந்துச்சுன்னு யாரு பாத்தா?”

“இல்லைன்னும் யாரும் பாக்கல தவுக்கே.”

“ஊசி மேல பழி போடக்கூடாதா? பழைய ஊசி, கெட்டுப்போச்சுன்னு?”

“ஊசி நல்ல ஊசி. நான்தான் ஐஸ உடைக்கல. கை வலிச்சது.”

ருக்னுதீன் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார். பிறகு மேசைமேலிருந்த தொலைபேசியை அவர் பக்கமாகத் தள்ளினார். “ஃபாயிஸா புவான நீங்களே கூப்பிடுங்க. என் வாயால சொல்ல முடியாது லா.”

மறுநாள் வெயில் ஏறுமுன் ஃபாயிஸா வந்தார். முகத்தில் சினம் இல்லை. அது ஐயாசாமிக்கு இன்னும் கடினமாக இருந்தது. இந்த முறை ஐஸைப் பொடித்தது ஃபாயிஸாதான். ஐயாசாமி நீட்டிய கையை வேண்டாமென்று விலக்கிவிட்டார். முத்திரையை உடைத்து, கதவைச் சிறிதே திறந்து, கதவருகில் உள்ள ஊசியை மட்டும் பழத்திலிருந்து உருவினார்கள். பழத்திரளுக்குள் வெப்பம் ஏறுமுன் வேலை முடியவேண்டும். வாளியில் ஐஸ் நெருங்கிக் கிடந்தது; ஊசி அதில் அசையாது நின்றது.

உண்மையைத் தாமே சொல்லியிருந்தும், திரையைப் பார்க்கும் அந்த நேரத்தில் ஐயாசாமி ஒன்றை வேண்டிக்கொண்டார். 0.3 வரட்டும். ஊசிதான் கெட்டது என்று ஆகட்டும்.

திரையில் 0.0 வந்தது. மீண்டும் பார்த்தார்கள், 0.0. ஊசி குற்றமற்று நின்றது.

“அன்னைக்கு நான் கேட்டேனே அங்கிள்,” என்றார் ஃபாயிஸா. “போதுமான்னு.”

“கேட்டீங்க புவான்.”

ஊசியை மீண்டும் செருகிக் கதவைச் சாத்திவிட்டு, ஃபாயிஸா காரிலிருந்து நெறிமுறைப் புத்தகத்தை எடுத்துவந்து, அட்டவணைப் பக்கத்தை விரித்தார். ஒரு டிகிரிக்குப் பதினைந்து நாள் என்ற முதல் வரிக்குக் கீழே இரண்டாவது வரி ஒன்று இருந்தது: ஒன்றரை டிகிரிக்குப் பத்தொன்பது நாள். பழம் முதல் நாளிலிருந்தே ஒன்றரைக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. அவர் தம் மேலதிகாரியை அழைத்தார். எந்திரத்தின் பதிவு முழுவதையும் அனுப்பினார். இரண்டு மணிநேரம் காத்திருந்து விடை பெற்றார். திருத்தம் எதுவும் கழிக்காமல், இரண்டாவது வரிப்படி பெட்டியைத் தொடரலாம். முடிவில் மூன்று ஊசிகளையும் சோதிக்கவேண்டும். கையெழுத்து வேறொருவருடையதாக இருக்கவேண்டும்.

ஐயாசாமி அட்டையைக் கேட்குமுன்பே எடுத்து நீட்டினார். ஃபாயிஸா அதை வாங்கித் தாள்களோடு வைத்துக்கொண்டார். விசாரணை முடிந்தபின் எழுத்தில் தெரிவிப்பதாகச் சொன்னார்.

குறித்த கப்பல் போய்விட்டது. ருக்னுதீன் பாசிர் கூடாங்கிலிருந்து மனோகரன் என்பவரைக் கையெழுத்துக்காக வரவழைத்தார். அவர் நாளுக்கொருமுறை வந்து, காரிலிருந்து இறங்கி, ஒப்பமிட்டுப் போனார். அளவைப் பார்த்ததும், விசிறிச் சத்தம் மாறியபோது காது கொடுத்ததும், மின்செருகியைத் துடைத்து இறுக்கியதும் முன்போல் ஐயாசாமியே. திரையில் 1.2, தாளிலும் 1.2. கழிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

பத்தொன்பதாம் நாள் கதவு திறந்தது. மூன்று ஊசிகளும் சோதனையில் தேறின. பழம் முழுதும் தேறவில்லை. மூன்றில் ஒரு பங்கு விளிம்போரம் பழுப்பேறிவிட்டது. அதைப் பிரித்துச் சாறு பிழிபவர்களிடம் ஏற்றிவிட்டார்கள். எஞ்சியதை அடுத்த கப்பல் கொண்டுபோயிற்று. தோட்டக்காரர்களில் இருவர் கூடத்துக்கே வந்து ஐயாசாமியை ஏசிவிட்டுப் போனார்கள். அவர் நின்று கேட்டுக்கொண்டார்; ஏச்சில் பொய் எதுவும் இல்லை.

அன்று மாலை, கைகழுவிவிட்டு, முதலாளியின் அறை வாசலில் போய் நின்றார். பல நாள்களாகத் தமக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்த சொற்கள். அட்டையில்லாத ஆள் கூடத்துக்குப் பாரம் என்றும், இந்த மாதத்தோடு தம்மை அனுப்பிவிடலாம் என்றும், வருத்தப்பட மாட்டேன் என்றும் சொன்னார். சொல்லும்போதே தோள் சற்று இளகியதுபோல் இருந்தது.

ருக்னுதீன் கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. “திங்கக்கிழமை அடுத்த பெட்டி வருது.”

“மனோகரன் இருக்காரே.”

“அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நீங்க ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. தானா வந்து சொல்ற ஆள நான் எங்க போய்த் தேடுவேன்?” பக்கத்தைப் புரட்டினார். “கோவம் இருக்கு. அது இருக்கட்டும். வேலைக்கு வாங்க.”

ஐயாசாமி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். இது மன்னிப்பா தண்டனையா என்று பிரித்தறிய அவரிடம் வலு இல்லை. வெளியே ஒரு பெட்டியின் எந்திரம் நின்று, மூச்சிழுத்து, மீண்டும் ஓடத் தொடங்கிற்று. விசிறி சரியாகத்தான் சுழல்கிறது என்று காது தானாகவே குறித்துக்கொண்டது.

“திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

“ஏழுக்கு.”

“சரி தவுக்கே,” என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த நிழலை நோக்கி நடந்தார்.