மொபெட்டில் ஊறிய கோழி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு ரங்கசாமி அண்ணன் முக்கால் கிலோ பச்சைக் கோழிக்கறியை மொபெட்டில் வைத்து ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்.

சத்தியமாக! கண்ணால் பார்த்தேன். மொபெட்டின் முன்பக்கக் கொக்கியில் ஒரு தூக்குப்போசி, அதான் தூக்குவாளி. மூடிக்கு மேல் துணி கட்டியிருந்தது.

"ஏனுங்கண்ணா, காலங்காத்தால எங்க கெளம்பிட்டீங்க?"

"சேந்தமங்கலம் வரைக்கும் போயிட்டு வாரேன் அம்மிணி."

"என்னுங்க விசேஷம்?"

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல. கறி ஊறோணுமில்ல?"

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் கையில் பால் பாக்கெட்டோடு கேட்டிலேயே நின்றேன். கறி ஊற சேந்தமங்கலம் எதற்கு?

அண்ணன் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை மனைவி பழனியம்மா அக்காவையும் நாக்பூர் லோடுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வழியில் கோழி வாங்கி, தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், கல் உப்பு போட்டுப் பிசறி, தூக்குப்போசியில் அடைத்துவிட்டார். வண்டி குலுங்கக் குலுங்கக் கறி ஊறியது. மத்தியானம் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டி வறுத்துக் கொடுத்தால்... அக்கா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாராம். அண்ணன் வாழ்க்கையில் வாங்கிய ஒரே மெடல் அதுதான்!

அந்த அக்காதான் இப்போது சாப்பிடுவதில்லை. டைபாய்டு வந்து போனதிலிருந்து சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நைட்டி தோளில் நிற்பதில்லை, அவ்வளவு இளைத்துவிட்டார். "இனி எதுவும் சாப்பிடலாம், வாய்க்குப் பிடிச்சதைக் குடுங்க. அடுத்த திங்கள்கிழமை வரைக்கும் பார்ப்போம். அப்பவும் சாப்பிடலைன்னா அட்மிட்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். அண்ணனுக்கு அதைவிட அதிகம். ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

சேந்தமங்கலம் போய் வந்த அன்றைக்கு அக்கா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாராம்.

"ரோடு கெடுத்துப்போட்டுதுங்க அம்மிணி. புதுசா தார் போட்டு வழவழன்னு வெச்சிருக்கறாங்க. குலுக்கலே இல்ல!" என்றார் அண்ணன்.

நல்ல ரோடு போட்டதற்காக வருத்தப்பட்ட ஒரே மனிதர் நாமக்கல் ஜில்லாவிலேயே இவராகத்தான் இருப்பார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே? "அண்ணா, கறி ஊறக் குலுக்கல் எதுக்குங்க? உப்பு, தயிர், எலுமிச்சை, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ். அவ்வளவுதான்" என்று லெக்சர் அடித்தேன். அடித்ததோடு நிற்காமல் செய்தும் கொடுத்தேன். எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது, அப்படி ஒரு பதம்! டப்பா சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு முழுவதையும் காலி செய்தார்.

புதன்கிழமை அண்ணன் மறுபடி கிளம்பினார். இந்த முறை ஏரிக்கரை மண்பாதை. குண்டும் குழியுமாகத் தேடித் தேடி விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். அக்கா சாப்பிட்டது ஒன்றரைத் துண்டு.

மறுநாள் அண்ணன் கடைக்குப் போன நேரம் பார்த்து அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். "அந்த லாரிக் கோழி அவ்வளவு ருசியாங்கக்கா இருந்துச்சு?"

அக்கா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "ருசியா? உப்பு கரிச்சுக் கொட்டுச்சு சாமி. அடி வேற புடிச்சுப்போச்சு."

"அப்புறம் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களாமே!"

"விடியால இருந்து வண்டில உக்காந்திருந்தேன். வெறும் டீ. மொகத்துல காத்து அடிச்சு அடிச்சு அப்படி ஒரு பசி. கல்லைக் குடுத்திருந்தாலும் தின்னிருப்பேன்." சிரிக்கப் போனவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காக இந்த வயசுல ரோடு ரோடா அலையறாரு. முழுங்கத்தான் பாக்கறேன், எறங்க மாட்டேங்குது. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

ஒரு மாதமாக அதே கட்டில், அதே ஃபேன், அதே சுவர். அக்காவுக்கு எங்கிருந்து பசி வரும்? உங்களுக்கு வருமா?

சனிக்கிழமை அண்ணனைப் பிடித்தேன். "அண்ணா, நாக்பூர் போறப்ப அந்தப் போசி லாரியில எங்க இருந்துச்சு?"

"அவ மடியிலதானுங்க. சாஞ்சுடுமேன்னு புடிச்சுட்டே வந்தா."

"அதான் பார்த்தேன்! கொக்கியில மாட்டுனா அந்தக் குலுக்கல் எப்படிங்க வரும்? மடியில வைக்கணும்."

அண்ணன் என்னையே பார்த்தார். முப்பது வருஷ டிரைவர் ஒரு பாயின்ட்டைக் கோட்டை விட்டுவிட்டாரே! "அவளுக்குத் தெம்பு ஏதுங்க?" என்று இழுத்தார். "மெதுவாப் போங்க. வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். அக்கா ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டி, மடியில் போசியை அணைத்துக்கொண்டிருந்தார். சைக்கிள்கூட முந்துகிற வேகம். வழியில் யாரோ அவித்த தட்டைக்கொட்டைப் பயறு வாங்கிக் கொடுத்தார்களாம், ஒரு தோட்டத்தில் நின்று வாத்துக் கூட்டம் பார்த்தார்களாம். திரும்பி வர ஒன்பதரை ஆகிவிட்டது. அதுவரை நான் நூறு தடவை கேட்டுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். ஏதாவது ஆகியிருந்தால் யோசனை சொன்னவள் நானல்லவா?

பதினோரு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஏனுங்க, இன்னும் ரெண்டு துண்டு வைங்க!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அக்கா தட்டில் சோறு, பக்கத்தில் எலும்புகள். அண்ணன் கரண்டியோடு நின்றபடியே அழுதுகொண்டிருந்தார், மிளகாய் நெடி என்றார். திங்கட்கிழமை அட்மிஷன் இல்லை. டாக்டர் அடுத்த மாதம் வந்தால் போதும் என்றுவிட்டார்.

"பாத்தீங்களா அம்மிணி? நான்தான் சொன்னனே, எல்லாம் குலுக்கல்தான்!" என்றார் அண்ணன், அன்றைக்கு அதே கரண்டியை ஆட்டிக்கொண்டே.

"ஆமாங்கண்ணா. குலுக்கல்தான்" என்றேன்.

அண்ணனுக்குப் பின்னால் அக்கா, உப்பு இன்றைக்கும் தூக்கல் என்று எனக்கு மட்டும் ஜாடை காட்டிவிட்டு, அடுத்த துண்டை எடுத்தார்.

பேப்பரில் லாரி, டயர் விளம்பரங்களைத் தவிர அண்ணன் வேறெதையும் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்லிவிட்டேன். சேந்தமங்கலம் ரோட்டில் மடியில் போசியோடு ஒரு மொபெட் உங்களை மெதுவாகக் கடந்தால், தயவுசெய்து உப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.