ஆணி விழுங்கிய புளி

நான் இறைச்சி வாங்கும் கடையில், கொத்தும் கட்டையின் ஓரத்தில் ஒரு கறுத்த கீற்று இருக்கிறது. அதற்குள் துருப்பிடித்த ஆணி ஒன்று படுத்துக் கிடக்கிறது. கத்தி அதில் படும்போதெல்லாம் கடைக்காரர் ஆணி அடித்தவனைத் திட்டுவார். அடித்தது என் காக்கா, என் அண்ணன்.

அந்தக் கட்டை, பன்னிரண்டு வயதில் எங்கள் வளவில், வீட்டைச் சுற்றிய காணியில், அவர் ஊன்றிய புளியங்கொட்டை முளைத்து வளர்ந்த மரம். எங்கள் ஊர்களில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். "தங்கச்சிட வளவுல உனக்கென்னடா மரம்? நீ மாப்பிள்ளையாப் போன பிறகுதான் இது காய்க்கும்" என்று வாப்பா சிரித்தார். "வளவு அவளுக்கு, மரம் எனக்கு" என்றார் காக்கா. "ஓம், எடுத்துக்க" என்றார் வாப்பா.

புளி அவசரப்படாத மரம். வருடக்கணக்காக இலையும் நிழலும் மட்டுமே தந்தது. ஆணி அடித்தால் காய்க்கும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்து பார்த்தார். மரம் ஆணியை மெல்ல விழுங்கிக்கொண்டதே தவிரப் பூக்கவில்லை. அவர் மருதமுனைக்கு மாப்பிள்ளையாகப் போன வருடம்தான் முதல் பிஞ்சு கண்டது. அதன்பின் புளி உலுக்கும் காலத்தில் சைக்கிளில் சாக்கோடு வருவார். பாதியை எனக்கே கொட்டிவிட்டுப் போவார்.

என் மகளுக்கு வீடு கட்ட நினைத்தபோது மரம் குறுக்கே நின்றது. "காக்காட்ட ஒரு சொல்லுச் சொல்லிட்டு வெட்டுவமா?" என்று கேட்டவர் என் கணவர். வெளியிலிருந்து வந்த மனிதருக்குத் தோன்றியது, கூடப் பிறந்த எனக்குத் தோன்றவில்லை. "என்ட வளவுதானே, வெட்டுங்க" என்றேன். சீ, என்ன வாய் இது! வெட்டிய மரத்தை மர வியாபாரி ஒருவர் வாங்கிப் போனார், அதில் ஒரு துண்டுதான் இறைச்சிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வருடமும் காக்கா சாக்கோடு வந்தார். வெட்டிய அடிக்கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஆறியிருக்கும். "வெயிலா இரிக்கி, உள்ள போ புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். பிறகு என் வாசலை மிதிக்கவில்லை. மகளின் கலியாணத்துக்குக்கூட வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை கத்தி மறுபடி ஆணியில் பட்டது. "இது ஆர்ர மரமோ தெரியா, ராத்தா" என்று சலித்துக்கொண்டார் கடைக்காரர்.

"என்ட காக்காட மரம்" என்றேன்.

அவர் கத்தியைத் துடைத்துவிட்டு, எலும்பும் போடவா என்று கேட்டார்.