பிரேக் அம்மார்

அம்மாருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் முனீஸ்வரன். கடலாடியில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கிற நாளில் மட்டும் என்னைக் கடையில் பார்க்க முடியாது. வண்டிகளுக்கு முன்னால் போகும் ஜீப்பின் பின்பக்கம் மைக்கோடு நின்று, ஓடி வரும் மாடுகளைப் பார்த்தபடி வர்ணனை சொல்வேன். பதினைந்து வருடமாக இந்த வாய்க்கு இந்தப் பக்கம் நல்ல பேர். இந்த வாய்தான் அம்மாரின் சோற்றில் மண்ணையும் போட்டது.

அம்மாருக்கு இருபத்து நாலு வயது. ஏர்வாடிக்காரன். அவன் வாப்பா ஹமீது சுல்தான் சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிறார். பத்தொன்பது வயதில் அம்மார் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அதில் அதிகம் ஏறியது பந்தய மாடுகள். மாட்டை இறக்கிவிட்டுப் பந்தயத்தை வேடிக்கை பார்த்தவனை, ஆள் வராத ஒரு நாளில் துணை சாரதியாக இறக்கிவிட்டார்கள். துணை சாரதி என்றால் வண்டியில் உட்கார்ந்து காற்று வாங்குகிற வேலை இல்லை. மாட்டோடு மாடாக ஓட வேண்டும், அதட்ட வேண்டும், ஓடுகிற வண்டியில் தாவி ஏறி மறுபடியும் குதித்து ஓட வேண்டும். இரண்டு வருடம் அப்படி ஓடித் தேய்ந்த பிறகு சாரதியாகக் கயிறு கைக்கு வந்தது. வந்த முதல் வருடமே நாலு ஊரில் முதல் பரிசுக் கொடி.

எங்கள் மாவட்டத்தில் இது விளையாட்டு இல்லை, தொழில். நல்ல சாரதியிடம் கல்யாண மண்டபத்துக்குத் தேதி கேட்பதுபோல் தேதி கேட்பார்கள். அம்மார் மாட்டைக் கம்பால் தொடமாட்டான். நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுப்பான், மாடு பறக்கும். நானே மைக்கில் அவனைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து ஆடியிருக்கிறேன். பிறகு நானே கீழே போட்டேன்.

அது போன வருடம் வைகாசியில். பெரிய மாட்டுப் பந்தயம், போக வர எட்டு மைல். திரும்ப வேண்டிய எல்கையைத் தொட்டு வரும்போது அம்மார் இரண்டு வண்டி நீளம் முன்னால் வந்தான். இன்னும் அரை மைல்தான் பாக்கி. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் எழுந்து நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தான். வண்டி நின்றே போனது. பின்னால் வந்த அத்தனை வண்டிகளும் அவனைத் தாண்டிப் போயின.

“அய்யய்யோ! சாரதி பிரேக்குப் போட்டுட்டாருய்யா!” என்று நான் மைக்கில் அலறினேன். “ஜெயிக்கிற வண்டிக்குப் பிரேக்குப் போட்ட ஒரே சாரதி, நம்ம பிரேக் அம்மார்! பயந்துட்டாரு, பயந்துட்டாரு!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பந்தயம் போனில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்ததால், சாயங்காலத்துக்குள் அந்தத் துண்டை வெட்டிப் பாட்டுச் சேர்த்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். தம்மாமில் அவன் வாப்பா தங்கியிருக்கும் அறை வரைக்கும் அது போனது. கூட இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பத்து மாதம் ஒருத்தரும் அம்மார் கையில் கயிறு கொடுக்கவில்லை. அவன் பழையபடி குட்டியானை ஓட்டினான். வாப்பா போனில் அதிகம் பேசவில்லை. “விசா எடுத்துட்டேன், வந்து சேரு” என்றார், அவ்வளவுதான்.

இந்தப் பங்குனியில் திருப்புல்லாணிப் பக்கம் ஒரு பந்தயம் அறிவித்தார்கள். மாட்டுக்காரர்கள் தங்கள் பெயரையும் சாரதி பெயரையும் சீட்டில் எழுதி முன்கூட்டியே என்னிடம் தருவது வழக்கம். வீரலட்சுமி அக்கா தன் சீட்டோடு கடைக்கு வந்தார். கடலாடிக்குக் கிழக்கே மிளகாய்க் காடு வைத்திருப்பவர், வீட்டுக்காரர் இறந்த பிறகும் பந்தய மாட்டை விடாதவர். சீட்டைப் பிரித்தேன். சாரதி, ஏர்வாடி அம்மார்.

“என்னக்கா, பிரேக் அம்மாரா? வேற ஆளே கெடைக்கலையா?” என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். வெடித்துப்போன மாட்டுக் குளம்பு, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

“இது யாரு காலு தெரியுதா? அன்னைக்கு அவன் நிப்பாட்டுன மயிலை மாட்டோட காலு. மறுவாரமே சந்தைக்குக் கொண்டாந்துட்டாக, நாந்தான் வாங்குனேன். லாடம் கழண்டு வெறுங்காலோட தார் ரோட்டுல ஓடியிருக்கு. இன்னும் நூறு அடி ஓடியிருந்தா குளம்பு ரெண்டாப் பொளந்து கறிக்குத்தான் போயிருக்கும். மாட்டுக்காரருக்கு அது தெரியும். விக்கணுமில்ல, வாயத் தொறக்கல.”

“அம்மாராவது சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொன்னான், நானும் சொன்னேன். ஒன் மைக் சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சு? லாடம் கழண்டது அவன் காதுல விழுந்துச்சு. ஒனக்கு விழுந்துச்சா?”

விழவில்லை. ஜீப்பில் என் தலைக்கு மேல் நாலு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருப்பார்கள். பதினைந்து வருடத்தில் ஒரு மாட்டின் காலடிச் சத்தத்தைக்கூட நான் கேட்டதில்லை. அக்கா போனதும் கடையை இழுத்து மூடிவிட்டு ஏர்வாடிக்குப் போனேன். அம்மார் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“தப்புப் பண்ணிட்டேன் தம்பி” என்றேன்.

“விடுங்கண்ணே. பந்தயம் முடிஞ்சு வர்ற வியாழக்கெழம தம்மாமுக்கு ஃப்ளைட்டு. ஞாயித்துக்கெழம இந்த ஒரு பந்தயம் ஓட்டிட்டுப் போறேன். ஜெயிச்சா வாப்பாகிட்ட இங்கனயே இருக்கேன்னு வாயத் தொறந்து கேக்கலாம். தோத்தா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?”

அவன் என்னைத் திட்டவே இல்லை. ரெண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது ஜோடி மாடுகள் நின்றன. அக்காவின் மயிலைக்கு இணையாக ஒரு செவலை. கொடி அசைந்தது. அம்மார் ஐந்தாவதாக ஓடினான். கயிற்றைத் தளர்த்தவே இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் “பிரேக்கு! பிரேக்கு!” என்று கத்தினார்கள். எல்கையில் திரும்பும்போது நாலாவது. எனக்கோ வாய் அரித்தது. ‘அம்மார் பின்தங்குகிறார்’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவன் ஏன் பிடித்து வைத்திருக்கிறான் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாததை ஒரு தடவை சொன்னதற்குத்தான் ஒருத்தன் ஊரை விட்டுப் போகப்போகிறான். மைக்கை அணைத்தேன்.

“என்ன முனீசு, செட்டு போச்சா?” என்று ஜீப் டிரைவர் திரும்பினார்.

“செட்டு நல்லாத்தான் இருக்கு. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

விழாக் கமிட்டியிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. எடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு மாடுகளின் காலடி கேட்டது. முன்னால் வந்த மூன்று வண்டிகளிலும் சத்தம் தாறுமாறாக இருந்தது. ஒரு மாடு ஓட, இன்னொன்று இழுபட்டு வந்தது. அவர்களுக்குப் பின்னால் அம்மாரின் வண்டி மட்டும் ஒரே சீராக வந்தது, கண்ணை மூடிக்கொண்டால் ஒரே மாடு ஓடுகிற மாதிரி. அம்மார் தலையைச் சாய்த்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசி ஒரு மைல் கல்லைத் தாண்டியதும் கயிற்றை விட்டு நாக்கைச் சுழற்றினான்.

மூன்றாவது வண்டியைத் தாண்டினான். கடைசி வளைவில் இரண்டாவதையும் தாண்டினான். முதல் வண்டி விடவில்லை. இரண்டு வண்டியும் நுகத்துக்கு நுகம் ஒட்டி வந்தன. கடைசி ஐம்பது அடியில் மயிலை கழுத்தை நீட்டி ஒரு தலை முன்னால் வந்தது. வென்றுவிட்டான்! என் கை தானாக மைக்கை மறுபடியும் ஆன் செய்தது.

“ஏர்வாடி அம்மார் ஜெயிச்சுட்டான்யா! கேட்டுக்கங்க எல்லாரும்! போன வருசம் அவன் நிப்பாட்டுனது மாட்டோட காலுக்காக! லாடம் கழண்டு போச்சு, அதான் நிப்பாட்டுனான்! பயந்துட்டான்னு பொய் சொன்னது இந்த முனீஸ்வரன்! அம்மார் கையில ஒரு வாயில்லா சீவன் பொழச்சிருக்குய்யா!”

அம்மாரைத் தூக்கப் பத்து இருபது பேர் ஓடினார்கள். அவன் அவர்களை விலக்கிவிட்டு, முட்டிபோட்டு மயிலையின் கால் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தான். முன்பு அவனை வேண்டாம் என்ற மாட்டுக்காரர்கள் மூன்று பேர் அதற்குள் தேதி கேட்டு வந்து நின்றார்கள். அவன் பதில் சொல்வதற்குள் அக்காவிடம் கொடுத்து வைத்திருந்த அவன் போன் அடித்தது. தம்மாமிலிருந்து வாப்பா. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“மாடு நல்லாருக்கா?” அதுதான் அவருடைய முதல் கேள்வி.

“நல்லாருக்கு வாப்பா. லாடமெல்லாம் அப்படியே இருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ். ரூம்ல எல்லாரும் உக்காந்து போன்ல பாத்தோம், மைக்குல சொன்னதையும் கேட்டோம். அன்னைக்கு நீ சொன்னப்ப நாந்தான் நம்பல. கம்பெனியில வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடுறேன். இங்க டிரைவருக்கு ஆயிரம் பேரு வருவாக. நீ அங்கனயே ஓட்டு.”

பத்து மாதம் ஊரே சிரித்தபோது அழாத பையன், நடுரோட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“தம்பி, வாப்பா சொன்னத மைக்குல சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“சொல்லுங்கண்ணே” என்றான் அம்மார். “சத்தமாவே சொல்லுங்க.”