மார்வாவின் வீடு லாரி ஏறிய நாள்: பார்படோஸ் தீவில் ஐந்து வாரம்

இந்த மே மாதம் இரண்டாவது வாரம் கிளம்பி, ஜூன் பாதியில் எங்கள் ஊர் சிஞ்ச்வட் திரும்பினேன். என் பேத்தி நந்தினி பார்படோஸில் டாக்டருக்குப் படிக்கிறாள். இரண்டாம் வருஷப் பரீட்சை நேரம். மூன்று வேளையும் ரொட்டியும் முட்டையும்தான் தின்கிறாள் என்று தெரிந்ததும், நான் போகிறேன் என்றேன். மகன் சிரித்தான். "அம்மா, அது என்ன சோலாப்பூரா, ரயிலேறிப் போறதுக்கு?" சோலாப்பூர் இல்லைதான். இருந்தாலும் போய் வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். எங்கள் குடும்பத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய இரண்டாவது ஆளும் நான்தான். முதல் ஆள் நந்தினி.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளை அந்தப் பக்கத்துத் தீவுகளுக்குப் படிக்க அனுப்பியவர்கள் என்று உங்கள் கமெண்டுகளிலிருந்து தெரிகிறது. ஆகவே வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிஞ்ச்வடிலிருந்து மும்பை விமான நிலையம் சுமார் 140 கிலோமீட்டர். டோல் சேர்த்து டாக்ஸிக்கு 3,600 ரூபாய் ஆனது. மூன்றரை மணி நேரம் என்பார்கள். லோணாவளா இறக்கத்தில் ஒரு லாரி நின்றுவிட்டால் ஐந்து மணி நேரம், அதனால் முன்னாலேயே கிளம்புங்கள். மும்பையிலிருந்து லண்டன், அங்கே நாலு மணி நேரம் காத்திருந்து இன்னொரு விமானம், அதில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். போக வர டிக்கெட் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைத் தொட்டது. சுற்றிப் பார்க்கப் போகிற நம் ஆட்களுக்கு பார்படோஸ் முன்கூட்டி விசா கேட்பதில்லை. ஆனால் லண்டனில் விமானம் மாற ஒரு விசா வேண்டும். அதை மறந்தால் மும்பையிலேயே நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நந்தினி விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். வீடு வரை டாக்ஸிக்கு ஐம்பது பார்படோஸ் டாலர். ஒரு டாலர் சுமாராக நாற்பத்து மூன்று ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் நல்ல பேச்சுக்காரர். இந்தியா என்றதும் கிரிக்கெட்டில் ஆரம்பித்தார். அங்கிருந்து பெட்ரோல் விலைக்குப் போனார், ரோட்டுக் குழிகளுக்கு வந்தார், கடைசியில் பிள்ளைகளிடம் வந்து நின்றார்.

"ரெண்டு பொண்ணு எனக்கு. ரெண்டும் நர்ஸ். ரெண்டும் இங்கிலாந்துல. இங்க எனக்கு ஊசி போட ஆள் இல்ல" என்றார். நந்தினி அதை எனக்குத் தமிழில் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, "நீயாவது படிச்சு முடிச்சிட்டு இங்க இருப்பியாம்மா?" என்று அவளைக் கேட்டார். என் பேத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நந்தினி வாடகைக்கு இருப்பது மார்வா என்கிற அம்மாள் வீட்டில். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு ஓய்வு பெற்றவள். வீடு முழுக்க மரப்பலகை, நீலப் பெயிண்ட், செங்குத்தான தகரக் கூரை. முன் கட்டு, நடுக்கட்டு, பின் கட்டு என்று மூன்று துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பின் கட்டில் அடுப்படியும் நந்தினியின் அறையும். குனிந்து அடியில் பார்த்தேன். அஸ்திவாரம் என்று ஒன்றுமே இல்லை. கல்லின் மேல் கல்லை அடுக்கி, அதன் மேல் வீட்டைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

"என்னட்டி இது, காத்தடிச்சா ஆடாதா?" என்று கேட்டேன்.

"அரே ஆச்சி, இது கழட்டி எடுத்துட்டுப் போற வீடு. டென்ஷன் எடுக்காதீங்க" என்றாள்.

முதல் வாரமே ஒரு பாடம் கிடைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். தெருமுனைக் கடைக்குப் போய், "ஆனியன், ஒன் கேஜி" என்று கேட்டேன். கடைக்காரம்மா அசையவில்லை. சத்தமாகக் கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நந்தினி முகம் சிவந்து என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். வீட்டில் மார்வாதான் விஷயத்தைக் கேட்டு, எனக்குப் புரிகிற எளிய இங்கிலீஷில் போட்டு உடைத்தாள். "நேத்து ராத்திரி நீயும் நானும் ஒரே கட்டில்லயா படுத்திருந்தோம்?" என்று கேட்டாளாம். அதாவது, காலையில் முதல் தடவை பார்க்கிறாய், ஒரு குட் மார்னிங் இல்லையா என்று அர்த்தம். அந்த ஊரில் கடையில் நுழைந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும் முதலில் வணக்கம் சொல்லியாக வேண்டும். மறுநாள் போய் வாசலிலேயே குட் மார்னிங் என்று கத்தினேன். வெங்காயம் கிடைத்தது. ஒன்று கூடவே போட்டாள்.

விலையைப் பற்றிக் கேட்காதீர்கள். தக்காளி கிலோ அறுநூறு ரூபாய் வருகிறது. பெரும்பாலும் கப்பலில் வருகிற சாமான்தான். சுற்றிலும் கடல், மீன்கூட சில நாள் கிடைப்பதில்லை. கடற்பாசி மலைமலையாகக் கரையில் ஒதுங்கி அழுகி நாறுகிறது, படகு போக முடியவில்லை என்கிறார்கள். தீவின் வடக்குப் பக்கம் குழாயில் பழுப்புத் தண்ணீர், டேங்கர் வந்தால்தான் உண்டு. எங்கள் சிஞ்ச்வட் அடுக்குமாடி சொசைட்டியிலும் கோடையில் டேங்கர்தான். டேங்கர்காரனைத் திட்டுகிற வார்த்தை மட்டும்தான் வேறு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம் மார்வா. அந்தக் காலத்தில் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. முதலாளி மண்ணில் வாடகை கொடுத்து இருக்க வேண்டும், போ என்றால் போக வேண்டும். அதற்காகத்தான் கழற்றி எடுத்துப் போகிற மாதிரி வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் சிலருக்கு வீடு சொந்தம், மண் வாடகை. சிஞ்ச்வட் வரும் முன்னால் ஏரவாடாவில் நாங்கள் இருந்ததும் இப்படித்தான். காலி பண்ணச் சொன்னபோது கதவையும் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டோம். செங்கல் சுவரை என்ன செய்வது? விட்டுவிட்டு வந்தோம்.

மார்வா வீடு நின்ற நிலத்தின் சொந்தக்காரர் இறந்துபோய், கனடாவில் இருக்கும் அவர் பிள்ளைகள் அதை விடுமுறை பங்களா கட்டுகிறவருக்கு விற்றுவிட்டார்கள். கடல் பக்கத்தில் இருந்தால் அதுதான் தொல்லை. மார்வா சேமிப்பைப் போட்டு ஐந்து கிலோமீட்டர் உள்ளே ஒரு துண்டு நிலம் வாங்கிவிட்டாள். மழைக்கும் புயலுக்கும் முன்னால் வீட்டை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். லண்டனில் இருக்கிற அவள் தங்கை இவோன் தினமும் போனில் வருவாள். பேசுவதை நந்தினி எனக்குத் தமிழில் சொல்வாள். "அது அம்மா காலத்துப் பலகை. லாரியில ஏத்தினா நொறுங்கிடும். பேசாம இங்க வந்துடு."

ஒருநாள் மார்வா அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டாள். "சரி. வீடு அங்க நின்னா நான் நிப்பேன். நிக்கலன்னா டிக்கெட் போடு, வந்துடறேன்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. வீடு நிற்காவிட்டால் நந்தினிக்கும் அறை போச்சு, பரீட்சை நடுவில்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு டெஸ்மண்ட் என்கிற மேஸ்திரித் தச்சர் வந்தார். கூட எட்டுப் பேர். பாதி கூலி ஆள், பாதி சர்ச் ஆள். தகரத்தைக் கழற்றினார்கள், கூரைச் சட்டங்களில் சாக்பீஸால் குறி போட்டார்கள், ஆணிகளைப் பிடுங்கினார்கள். பிறகு ஒரு சுவரை அப்படியே, ஜன்னல் திரையோடு, கயிற்றில் கட்டி மெதுவாகச் சாய்த்தார்கள். வீட்டுக்குள் இருந்த சாமி படமும் காலண்டரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றன. மார்வா அந்தப் பக்கமே பார்க்காமல் மக்காச்சோள மாவையும் வெண்டைக்காயையும் போட்டுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து வீட்டு அடுப்பில் எலுமிச்சைச் சோறு கிளறினேன்.

டெஸ்மண்ட் தட்டை வாங்கிப் பார்த்து, "கிரானி, இதுல மீன் எங்க?" என்றார்.

"கடல்ல இருக்கு. இப்ப இத தின்னு" என்றேன். நந்தினி மொழிபெயர்த்ததும் எட்டுப் பேரும் அவரைக் கிண்டல் பண்ணித் தீர்த்துவிட்டார்கள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து அந்தத் தொகுதித் தலைவர் ஒருவர் வந்தார். கட்சிக் கலர் டி-ஷர்ட், போட்டோ எடுக்க ஒரு ஆள். வந்ததும் ஒரு பலகையின் முனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மார்வா கரண்டியும் கையுமாக வந்து அவர் எதிரில் நின்றாள்.

"நல்லதுய்யா. அஞ்சு வருஷமா இந்த ரோட்டுக்கு ஒரு விளக்கு கேட்டேன். இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க."

"அடுத்த மாசம் கண்டிப்பா போட்டுடறோம், மார்வா."

"போடுங்க. நான் போற இடம் வேற தொகுதி. இனி என் ஓட்டு அங்கதான்."

மனிதர் அரை நிமிஷம் யோசித்தார். பலகையைக் கீழே வைத்தால் மானம் போகும், வைக்காவிட்டால் தோள் போகும். வைக்கவில்லை. லாரி வரைக்கும் சுமந்துவிட்டுத்தான் போனார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். எங்கள் வார்டில் யாரும் இவ்வளவுகூடத் தூக்கியதில்லை.

ஐந்து கிலோமீட்டர் போக ஒன்றேகால் மணி நேரம். முன்னால் வீட்டுச் சுவரோடு லாரி, பின்னால் வேனில் நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஊர்ப்பட்ட வண்டிகள். ஒரு பஸ் டிரைவர் பக்கத்தில் வந்து, "மார்வா, ரூம் வாடகைக்கு உண்டா?" என்று கத்தினார். "உனக்குக் கிடையாது, நீ குறட்டை விடுவே!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்தே ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

புது இடத்தில் கல் அடுக்கித் தயாராக இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு முன் கட்டு நின்றது. நாலரைக்கு நடுக்கட்டு நின்று கூரையும் ஏறியது. மார்வா ஒரு சுவரில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பிறகு டெஸ்மண்ட் பின் கட்டின் அடிச்சட்டத்தை எடுத்தார். எடுத்த இடம் கையோடு வந்தது. உள்ளே கரையான் அரித்து, நம் வீட்டு ரவை மாதிரிப் பொலபொலவென்று கொட்டியது. அடுத்த சட்டமும் அப்படியே.

"இத நிறுத்த முடியாது மார்வா. நிறுத்தினா உம்மேலயே விழும்" என்றார்.

அது நந்தினியின் அறை. மூன்றில் ஒன்று போச்சு. அப்போது இது நின்ற வீடா, நிற்காத வீடா? மார்வா புது வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வீட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வேலிக்கு மேல் தண்ணீர்க் குழாயை நீட்டி, "குட் ஆஃப்டர்நூன், இங்க உங்களுக்கு இன்னும் லைன் குடுக்கலல்ல? பிடிச்சுக்குங்க" என்றாள். மார்வா எழுந்து போய் ஒரு வாளி பிடித்தாள், முகம் கழுவினாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. இவோன்.

மார்வா போனைத் திருப்பி வீட்டைக் காட்டினாள். முன் கட்டு, நடுக்கட்டு, அதற்குப் பின்னால் வெறும் கல்.

"பின்னால எங்க?" என்றாள் இவோன்.

"கரையான் தின்னுடுச்சு."

"நான் சொல்லல? டிக்கெட் இப்பவே போடறேன்."

"டிக்கெட்டுக்குன்னு பணம் எடுத்து வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"அதுக்குப் பலகை வாங்கிக் குடு. என் பொண்ணுக்கு ரூம் கட்டணும்."

என் பொண்ணு என்று அவள் சொன்னது என் பேத்தியை. இவோன் கேட்டாள், "எத்தனை அடி பலகை?"

டெஸ்மண்ட் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அந்த வாரம் முழுக்க நந்தினியும் நானும் நடுக்கட்டில் ஒரே கட்டிலில் படுத்தோம். பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணிவிட்டாள். பணம் இல்லாத ஊர், ஆள் இல்லாத ஊர், தண்ணீர் இல்லாத ஊர் என்று எதைக் கேட்டாலும் நம் ஊரும் ஞாபகம் வந்தது. போகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இருக்கிறேன் என்று சொல்கிற ஒருத்தியைப் பக்கத்தில் இருந்து பார்த்தது எனக்கு நிறைவாக இருந்தது. திரும்பி வரும்போது மனசில் ஒரு குறையும் இல்லை, பெட்டியில்தான் ஊறுகாய் பாட்டில் ஒன்று உடைந்துபோயிருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பஸ்ஸுக்கு மூன்றரை டாலர், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் ஒரே கட்டணம்தான். ராணுவக் கலர், அந்தப் பச்சைத் திட்டுத்திட்டான துணி, பிள்ளைகளுக்குக்கூட எடுத்துப் போகாதீர்கள், அங்கே பொதுமக்கள் அதை உடுத்துவது சட்டப்படி குற்றம். புளி, பெருங்காயம், சாம்பார்ப் பொடி கொண்டுபோங்கள், கஸ்டம்ஸ் அறிவிப்புப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கறிப்பலா அங்கே மலிவு, வறுவலுக்கு உருளைக்கிழங்கைத் தேடி அலைய வேண்டாம். பிள்ளைக்கு அறை பார்க்கும்போது வீட்டுக்கார அம்மாளோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், எல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் நல்ல வீடுகள் நிறைய இருக்கின்றன. மார்வா வீட்டுப் பின் கட்டை மட்டும் கேட்காதீர்கள். பலகை வந்துவிட்டது, போன வாரம் கூரையும் ஏறிவிட்டது. அங்கே ஆள் இருக்கிறது.