கோபுரத்தில் ஒரு பூதத்துக்கு மட்டும் கண்

சேகர் போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் செய்கிறாள்.

இங்கே சாஆ என்கிற ஊரில் எங்கள் அம்மன் கோயிலுக்கு வந்துபோகிறவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். மாயவரம் பக்கத்திலிருந்து பிளேன் ஏறி இந்த நாட்டுக்குக் கோபுர வேலைக்கு வந்தவர். சிமெண்டில் பொம்மை செய்து வர்ணம் தீட்டுகிற ஆர்ட்டிஸ்ட். நான் அங்கே ஜாகா. ராத்திரி பகல் காவல்.

வேலை முடிகிற நேரம். கூட வந்த நாலு பேரும் ஊருக்கு டிக்கெட் போட்டார்கள். பொம்மைகளுக்குக் கண் மட்டும் பாக்கி. கும்பாபிஷேகத்துக்கு முன்னால், பூஜை போட்டு, நல்ல நேரம் பார்த்து, மூத்த கைதான், அதாவது சேகர்தான், கண் திறக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

"நானும் இவங்களோட போயிட்டு வந்துரட்டுமாண்ணே? மக கல்யாணம் வருது" என்று என்னிடம் கேட்டார்.

நான்தான் சொன்னேன். "ரெண்டு வாரந்தானே தம்பி. கண்ணத் தொறந்துட்டு ஒரேயடியா போங்க லா."

அடுத்த வாரம் கொரோனா. எம்சிஓ என்று சொல்லி யாரும் வெளியே நடமாடக்கூடாது என்றார்கள். கும்பாபிஷேகம் நின்றது. பிளேன் நின்றது. கோயில் தலைவர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளேயே இருக்கச் சொல்லி, கேட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போனார். கம்பி இடுக்கு வழியாகச் சாப்பாடு வரும்.

மண்டபம், கிணற்றடி, கோபுரம்... மறுபடியும் மண்டபம். தலைக்கு மேலே அத்தனை பொம்மைகளும் கண் இல்லாமல் நின்றன.

முதல் மாதம் சேகர் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. சாரத்தில் ஏறி உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். எப்போதாவது தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போகும். "லாரி போகுதுண்ணே" என்பார். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

கல்யாணத்தைத் தள்ளிவைக்க மாப்பிள்ளை வீட்டார் ஒப்பவில்லை. அன்றைக்கு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் திடீரென்று சிமெண்டு குழைத்தார். கோபுரத்தின் உள்பக்கம் ஒரு பழைய பூதம் உடைந்து, இடம் காலியாக இருந்தது. மற்ற பூதங்களெல்லாம் கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கோபுரத்தைத் தாங்கும். இவர் செய்தது எதையும் தாங்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தாடையை அதன்மேல் வைத்து, கீழே மண்டபத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

பதினோரு நாள் செய்தார். அந்தப் பதினோரு நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

கல்யாணத்தன்று குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டினார். அங்கே ஏழரை, இங்கே பத்து. வீடியோ ஓடுகிற போனை என் கையில் கொடுத்து, மண்டபத்து நடுவில் நிற்கவைத்தார்.

"தாலி கட்டுறப்ப குரல் குடுங்கண்ணே."

சொல்லிவிட்டுச் சாரத்தில் ஏறினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெற்ற மகள் கல்யாணத்தைப் பார்க்காமல் எங்கே ஏறுகிறார்?

"கட்டிட்டாங்க தம்பி" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தால்... அந்தப் பூதத்துக்குக் கண் திறந்துகொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் உள்ளே வந்தவர் பார்த்துவிட்டார். "அலமாக்... பூஜ போடாம யாரக் கேட்டுக் கண்ணத் தொறந்தீங்க? இது என்னா சாமி?"

"சாமி இல்லீங்க, நான்தான். மக கல்யாணத்தப் பாக்குறேன்" என்றார் சேகர்.

தலைவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஸ்பெஷல் பிளேன் விட்டார்கள். சேகர் கிளம்பினார். எந்தக் கண்ணுக்காக அவரை இருக்கச் சொன்னேனோ, அதைத் திறக்க வேறொருவர்தான் பிறகு வந்தார்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லலன்னாலும் இருந்திருப்பேண்ணே" என்றார்.

பொய். எனக்காகச் சொன்ன பொய்.

இன்றைக்கு மண்டபத்து நடுவில் அதே இடத்தில் போய் நின்றேன். மேலே அந்தப் பூதம் முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது...

போங்க தம்பி. இந்தத் தடவை இருங்க என்று நான் சொல்லவில்லை.