இருபத்தெட்டாவது விடை

அலுவலகத்தில் அவளுக்கு எமனக்கா என்று பெயர். அந்தக் கணினி மையத்துக்கு யார் யாரோ அனுப்பும் புரோகிராம்கள் நாள்கணக்கில் ஓடும். சில தம் வேலையை முடித்து நிற்கும். சில செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றும். அவற்றைக் கொன்றால்தான் வரிசையில் இருப்பவற்றுக்கு வழி. எதைக் கொல்வது, எதை விட்டுவைப்பது என்று தீர்மானிப்பது அவள் வேலை. பதினேழு வருடம், ஒரே நாற்காலி, ஒரே குளிர், ஒரே பழுப்பு ஸ்வெட்டர்.

ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிவைத்தாள். எத்தனை மணி நேரம் ஓடியது, நடுவில் என்னென்ன செய்தது, நின்றதா. கொன்றவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் ‘நிற்காது’.

கொழுந்தன் அவள் வீட்டில் தங்கிப் படித்தவன். அவள் சொல்லித்தான் மையத்தில் வேலை கிடைத்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டியே சொல்ல ஒரு புரோகிராம் எழுத முடியாதா என்று அவனைக் கேட்டாள்.

“எல்லாத்துக்கும் சொல்றது இருக்கவே முடியாது, அண்ணி. அப்படி ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கோங்க. அதுகிட்டயே கேட்டுட்டு நேரெதிரா நடக்கிற ஒண்ண நான் எழுதிடுவேன். ‘நீ நிப்பே’ன்னா ஓடும். ‘ஓடுவே’ன்னா நிக்கும். எதைச் சொன்னாலும் பொய்யாயிடும்ல?”

“உங்க அண்ணன் மாதிரின்னு சொல்லு.”

கணவன் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

சில மாதம் கழித்து கொழுந்தன் நோட்டுகளைக் கேட்டான். “சும்மா சுத்துற சிலதை மட்டும் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒண்ணு எழுதுறேன். உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்.” நான்கு நோட்டையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள்.

பிறகு ஒரு கூட்டம். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் நிற்குமா நிற்காதா என்று கொழுந்தன் எழுதியது சொல்லிவிடும் என்றார் மேலாளர். சோதனைக்கு அவள் நோட்டில் இருந்த பழைய புரோகிராம்கள் நாற்பதை எடுத்திருந்தார்கள். எல்லாம் சரியாக வந்தால் அவள் இருக்கைக்கு ஆள் தேவையில்லை என்பதை அவளுக்கு அங்கேதான் சொன்னார்கள். கொழுந்தன் திரைக்குப் பக்கத்தில் நின்றான். விடைகள் மளமளவென்று வந்தன. நிற்கும். நிற்காது. நிற்கும்.

இருபத்தெட்டு: நிற்காது.

அவளுக்குச் சுருக்கென்றது. மழையைக் கணக்கிடும் ஓர் ஆராய்ச்சிக்காரரின் புரோகிராம் அது. ஒன்பதாம் நாள் பொறுமை இழந்து கொன்றாள். அவர் அதை வேறோர் இடத்தில் ஓட்ட, பன்னிரண்டாம் நாள் விடையோடு நின்றது. அவர் திட்டக்கூட இல்லை, போனில் சொன்னார், அவ்வளவுதான். வெட்கத்தில் அவள் நோட்டைத் திருத்தவில்லை. அந்தத் தவறை ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள்.

“இருபத்தெட்டு தப்பு சார்,” என்றாள். “அது நிக்கும்.”

மேலாளர் அவள் நோட்டையே புரட்டினார். “நீங்கதானே சிவப்புல எழுதியிருக்கீங்க?”

“நான் எழுதினதும் தப்பு. இது எதையும் கண்டுபிடிக்கல சார், என் நோட்ட ஒப்பிக்குது. தம்பிக்கே தெரியும், கேளுங்க.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் சுட்டெலியை நகர்த்தினான்.

“எனக்கு அப்படி எதுவும் தெரியாது, மேடம்.”

மேடம். அவன் தட்டில் எத்தனை வருடம் சோறு போட்டிருப்பாள்.

நாற்பதுக்கு நாற்பது என்று எழுதிக்கொண்டார்கள். அவளைப் பொருள் அறைக்கு மாற்றினார்கள். அங்கே பழைய விசைப்பலகைகளைத் துடைத்து அடுக்க வேண்டும்.

அவள் ஆராய்ச்சிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அந்தப் புரோகிராமை வாங்கிவந்தாள். வீட்டுக் கூடத்துக் கணினியில் ஓடவிட்டாள்.

“என்னடி இது, கொசு கத்துற மாதிரி? எப்ப நிக்கும்?” என்றான் கணவன்.

“தெரியாது.”

“எமனுக்கே தெரியாதா?”

பன்னிரண்டு நாள் ஓடியது. பதின்மூன்று. கணினி பழசு என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பதினாறாம் நாள் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கூடத்தில் சத்தமே இல்லை. திரையில் எண்கள் வரிசையாக நின்றன.

கொழுந்தனைப் போனில் கூப்பிட்டாள்.

“இருபத்தெட்டு நின்னுடுச்சு.”



“நிக்கும்னு தெரியும், அண்ணி.”

“நாலு நோட்டும் நாளைக்குக் காலைல என் கைக்கு வரணும்,” என்றாள். “மேலாளர் முன்னாடி வச்சு அந்த ஒரு சிவப்பு வரிய அடிக்கணும்.”