கோடையில் அழுகிய செடி

மருத்துவமனைத் தோட்டத்தில் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு எல்லாரும் வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. எங்கேயாவது கதவு அடித்துச் சாத்தினால் போதும், கையிலிருக்கும் மண்வெட்டி கீழே விழுந்துவிடும். மேற்பார்வையாளர் கூப்பிட்டால் நிற்கிற இடத்திலேயே வேர்த்துக் கொட்டும். லிஃப்டில் ஏறவே மாட்டார். “மாட்டிக்கிட்டுச் சாகறதுக்கு மூச்சு வாங்கிச் சாகலாம்” என்று ஐந்து மாடியையும் படியேறியே கடப்பார்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மண்சரிவு. அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி, அடியில் சலவைக்கூடம். அங்கே அவருடைய தங்கையும் இன்னும் ஐந்து பெண்களும் வேலை பார்த்தார்கள். காற்றடித்தால் சரிவின் புழுதியெல்லாம் துவைத்த விரிப்புகள்மேல் வந்து படியும். தங்கையின் புலம்பல் தாங்காமல்தான் அவர் அங்கே வெள்ளி இலைச் செடியை நட்டார்.

நாலு விரல் உயரம்கூட எழாமல் தரையோடு படரும் செடி அது. இலை முழுக்கப் பூனைக்குட்டி முதுகு போல வெண்மயிர். பருமணல் கலந்த மண்ணில் சாண் இடைவெளியில் ஒவ்வொரு கொடித்துண்டாக ஊன்றினார். முதல் மாதம் நாள் விட்டு நாள் தண்ணீர், பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. வெயிலைத் தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது. கணுவுக்குக் கணு வேர்விட்டு, மூன்று வருடத்தில் சரிவையே மூடிவிட்டது.

நான்காம் வருடம் மழை பொய்த்தது. நாற்பது நாளாகச் சரிவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. செடி அசரவில்லை. ஆனால் ஒரு நாள் காலை பார்த்தால், நடுச்சரிவில் ஒரு கட்டில் அகலத்துக்குப் பழுப்பாகக் கிடந்தது.

“காய விட்டுட்டீங்களேம்மா. ரெண்டு வாளி ஊத்துங்க” என்றார் மேற்பார்வையாளர்.

அந்த அம்மா வாளியோடு ஏறிப்போய் ஒரு கொடியைக் கிள்ளினார். காய்ந்திருந்தால் நொறுங்கியிருக்கும். இது கொழகொழவென்று விரலில் ஒட்டியது. அழுகல் வாடை. தண்ணீரே விடாத செடி எப்படி அழுகும்? மண்ணில் கையை வைத்தார். மணிக்கட்டு வரை உள்ளே போனது.

தவழ்ந்தபடி மேலே போனார். தொட்டிக்குக் கீழே, நெருக்கமாகப் பின்னியிருந்த செடி கிழிந்த துணி மாதிரி நீளமாகப் பிரிந்திருந்தது. இரண்டு விரல் அகலப் பிளவில் வெள்ளை வேர்கள் தொங்கின. எழுந்து நிற்கத் துணிச்சல் வரவில்லை. உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார்.

“ஐயா, மண்ணுக்குள்ள தண்ணி ஓடுது. மேல பிளந்திருக்கு. சலவைக்கூடத்துல இருக்கறவங்கள வெளிய வரச் சொல்லுங்க.”

“நீங்க நிழலப் பார்த்தே பயப்படற ஆளு. மதியம் வந்து பார்க்கிறேன்.”

“மதியம் வரைக்கும் தாங்குமான்னு தெரியலைங்க.”

“ஆபரேஷனுக்குத் துணி போகணும். மெஷின நிறுத்தினா என் வேலையும் போயிடும், உங்க வேலையும் போயிடும்.”

அந்த அம்மா நடைவழியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் நடக்காவிட்டால் வேலை போகும், ஊர் சிரிக்கும். நடந்துவிட்டால்? அதற்கு மேல் நினைக்கவே முடியவில்லை. கால்கள் தாமாகச் சலவைக்கூடத்துப் பக்கம் நடந்தன.

உள்ளே இயந்திரங்களின் இரைச்சல். தங்கை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, மறுபடியும் பல்லியா?” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். இரைச்சல் அடங்கியது. அப்போதுதான் எல்லாருக்கும் கேட்டது: பின்சுவருக்கு வெளியே முறத்தில் அரிசி கொட்டுவது போல மண் உதிரும் சத்தம்.

தங்கையின் முகம் வெளிறியது. “வெளிய போங்கடி” என்று மற்றவர்களைத் தள்ளினாள்.

ஆறு பேர் வெளியே வர வேண்டும். ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். காது மந்தமான மூத்தவள் ஒருத்தி உள்ளே விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அழுதுகொண்டே திரும்ப ஓடினார். அவளைச் சேலையோடு சேர்த்துப் பிடித்து இழுத்து வந்தார். இருவரும் பத்தடி தாண்டியிருப்பார்கள். சரிவு மொத்தமாக இறங்கியது. பின்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து இரண்டு இயந்திரங்களை அமுக்கியது. யாருக்கும் காயமில்லை.

தொட்டியிலிருந்து வரும் குழாய் மண்ணுக்கடியில் வெடித்துப் பல நாளாகக் கசிந்திருக்கிறது என்று பொறியாளர் கண்டுபிடித்தார். “மன்னிச்சிடுங்கம்மா” என்று சொல்ல மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பியபோதும் அந்த அம்மாவுக்கு வேர்த்துத்தான் கொட்டியது.

சலவைக்கூடத்தை முன்பக்கம் மாற்றினார்கள். சரிவுக்குக் கல்லால் தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். இரண்டு மாதம் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு கூடை கொடித்துண்டுகளோடு வந்தார். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை தங்கையின் கையில்.

“பிடிச்சிருக்கியாடி?” என்று ஒவ்வொரு துண்டு ஊன்றும்போதும் கேட்டார்.

“பிடிச்சிருக்கேன். நீ நடு.”